பட்டியலில் ஒரு பெயர்

நுழையும்முன்

வாக்குரிமை என்றவுடன் வாக்குச்சாவடியும் விரல்மையும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும், அவ்வுரிமை தேர்தல் நாளன்று தொடங்குவதில்லை. அதற்குப் பல திங்கள்கள் முன்னரே, ஒரு பட்டியலில் ஒருவரது பெயர் எழுதப்படும்போதே அது தொடங்கிவிடுகிறது. யாருடைய பெயரை எழுதுவது, எதனை வைத்து எழுதுவது, எழுதும் பொறுப்பு யாருடையது என்னும் வினாக்களுக்குக் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் கூறப்பட்டன. அவ்விடைகள் மாறிவந்த வரலாற்றை இப்பாடம் ஆராய்கிறது.

பட்டியலில் இல்லாதவை

அரக்கோணம் சட்டமன்றத் தொகுதியின் வாக்காளர் பட்டியலில் ஏதேனும் ஒரு பாகத்தை எடுத்துக்கொள்வோம். அது தொடர்வண்டித் துறைக் குடியிருப்பாக இருக்கலாம், கடைத்தெருவாக இருக்கலாம், நகரை அடுத்த சிற்றூராகவும் இருக்கலாம். எதுவாயினும் அதன் அமைப்பு ஒன்றே. வரிசை எண், பெயர், தந்தை அல்லது கணவர் போன்ற உறவினர் ஒருவரின் பெயர், வீட்டு எண், வயது, பாலினம், அடையாள அட்டை எண் ஆகியவை அதில் உள்ளன.

இனி, அதில் எவை இல்லை என்று பார்ப்போம். வாக்காளரின் சாதி இல்லை, சமயம் இல்லை. அவர் எதுவரை படித்தார் என்பது இல்லை. என்ன தொழில் செய்கிறார் என்பதும் இல்லை. நிலம் உண்டா, எவ்வளவு வரி செலுத்துகிறார் என்னும் குறிப்பும் இல்லை. தொடர்வண்டி இயந்திரத்தை ஓட்டுபவரும், நடைமேடையில் சுமை தூக்குபவரும், அந்நகரின் பெருவணிகரும் அதில் ஒரே வகையான ஒற்றை வரியாகவே நிற்கின்றனர். இந்த 'இல்லை'கள் தாமாக வந்தவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் 'இருந்து', பின்னர் நீக்கப்பட்டது. நீக்கியது இந்திய அரசியலமைப்பு.

குடவோலையும் கால்வேலி நிலமும்

தேர்தலைப் பற்றித் தமிழில் எழுதுவோர் உத்திரமேரூரைக் குறிப்பிடாமல் செல்வதில்லை. அரக்கோணத்திலிருந்து தெற்கே, காஞ்சிபுரத்தைக் கடந்து செல்லும் தொலைவில்தான் அவ்வூர் உள்ளது. முதலாம் பராந்தக சோழனின் ஆட்சிக்காலத்தில் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவ்வூர்க் கல்வெட்டுகள், ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை விரிவாகக் கூறுகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. ஏதுமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலை எடுக்கப்பட்டது. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். பொதுப்பணத்தின் மீது ஊர் கொண்டிருந்த இந்த விழிப்பு இன்றும் போற்றத்தக்கது.

ஆனால், யாருடைய பெயர் ஓலையில் எழுதப்பட்டது என்பதையும் அதே கல்வெட்டு மறைக்காமல் கூறுகிறது. வரி செலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். 35 வயதுக்குக் குறையாமலும் 70 வயதுக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். வேதக் கல்வியும் வேண்டும். அது பிராமணர் ஊராகிய சதுர்வேதிமங்கலத்தின் சபை. அந்நிலத்தை உழுதவருக்கும் பெண்களுக்கும் அங்கு ஓலை இல்லை. மேலும், அங்கு நிகழ்ந்தது குலுக்கல், வாக்களிப்பு அன்று. குடவோலை முறையை இன்றைய மக்களாட்சியின் மூலவடிவம் என்று மேடைகளில் கூறுவது கேட்க இனிமையாக இருக்கலாம். கல்வெட்டு அவ்வாறு கூறவில்லை. சொத்துடையவருக்கே ஊர்ப்பொறுப்பு என்னும் கருத்து எத்துணைப் பழமையானது என்பதற்கே அது சிறந்த சான்றாகும்.

வரிப் பதிவேட்டின் நகல்

அக்கருத்து ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் மாறவில்லை. 1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி, 1920இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்திற்குத் தேர்தல் நடைபெற்றது. நிலவரி, நகராட்சி வரி, வருமானவரி ஆகியவற்றைக் குறிப்பிட்ட அளவில் செலுத்தியோரே பெரும்பாலும் வாக்காளர் ஆயினர். ஏறத்தாழ 12 இலட்சத்து 50 ஆயிரம் பேர் பட்டியலில் இடம்பெற்றனர். மாகாணத்தின் மக்கள்தொகையோ 4 கோடிக்கு மேல். நூற்றுக்கு மூவர் என்பது இதன் பொருள்.

அன்றைய பட்டியல் எவ்வாறு உருவாயிற்று என்பது கவனிக்கத்தக்கது. அதற்காக எவரும் வீடு வீடாகச் செல்ல வேண்டிய தேவை எழவில்லை. கிராமக் கணக்கரின் நிலவரிப் பதிவேடும் நகராட்சியின் வரிப்பதிவேடும் முன்னரே இருந்தன. வாக்காளர் பட்டியல் பெரும்பாலும் அவற்றின் நகலே. ஒருவர் அரசுக்குப் பணம் செலுத்தினார் என்பதுதான் அவர் 'மக்கள்' என்பதற்குச் சான்று.

அன்றைய வடஆர்க்காடு மாவட்டத்தின் நிலையை இதனோடு பொருத்திப் பார்க்கலாம். 1856 சூலை முதல் நாள் இராயபுரத்துக்கும் வாலாஜா சாலைக்கும் இடையே தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி ஓடியது. அப்பாதையில் அமைந்த அரக்கோணம் பின்னர்ப் பெருஞ்சந்திப்பாக வளர்ந்தது. பாலாற்றுப் பகுதியில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் தொழில் பெருகியது. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோலை ஊறவைப்பவரும், மயிரும் சதையும் நீக்கிச் சுரண்டுபவரும் பெரும்பாலும் தாழ்த்தப்பட்டோராக ஒதுக்கப்பட்ட மக்களே. அவர்கள் பதனிட்ட தோல் கடல்கடந்து சென்றது, ஏற்றுமதி செய்தவர் வரி செலுத்தினார், வாக்காளர் ஆனார். தொட்டியில் நின்றவருக்கு நிலமும் இல்லை, தம் பெயரில் வரி விதிக்கப்பட்ட வீடும் இல்லை. எனவே, அவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை; வாக்காளர் பட்டியலிலும் இல்லை. படையில் பணியாற்றி ஓய்வுபெற்றோருக்கு மட்டும் வரி இல்லாமலே வாக்குரிமை கிடைத்தது. வேலூர் வட்டாரத்தில் படையிற் சேர்ந்தோர் மிகுதியாதலால், இவ்விதிவிலக்கு இங்குச் சில எளிய குடும்பங்களுக்கும் பயன்பட்டிருக்கக்கூடும்.

பெண்களின் பெயர்

1917 திசம்பரில் இந்தியச் செயலர் மாண்டேகு சென்னைக்கு வந்தபோது, சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று அவரைச் சந்தித்து வாக்குரிமை கோரியது. 1919ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நேரடியாக வழங்கவில்லை. அந்தந்த மாகாணச் சட்டமன்றமே முடிவு செய்துகொள்ளட்டும் என்று ஒதுங்கிக்கொண்டது. 1921இல் சென்னைச் சட்டமன்றம் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கித் தீர்மானம் நிறைவேற்றியது. இந்திய மாகாணங்களுள் இதனை முதலில் செய்தது சென்னையே. அமெரிக்க ஐக்கிய நாட்டில் பெண் என்ற காரணத்தால் வாக்குரிமை மறுக்கப்படலாகாது என்னும் 19ஆம் திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1920இல்தான். ஓராண்டு இடைவெளியில் சென்னையும் அதனைப் பின்தொடர்ந்தது என்பதில் நாம் பெருமை கொள்ளலாம். ஆயினும், சொத்துத் தகுதி நீங்காதவரை, தம் பெயரில் சொத்தில்லாத பெண்ணுக்கு அத்தீர்மானம் வெறும் தாளே. 1926இன் இறுதியில் முத்துலெட்சுமி அம்மையார் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டு, அதன் துணைத்தலைவரானார். அதுவும் நியமனமே, தேர்தல் அன்று.

1935ஆம் ஆண்டுச் சட்டம் வாக்காளர் எண்ணிக்கையைப் பெருக்கியது. எழுதப்படிக்கத் தெரிந்தோர் பலர் இடம்பெற்றனர். சொத்துத் தகுதியுடைய ஒருவரின் மனைவி என்னும் முறையிலும் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. கணவரின் வரி மனைவியின் தகுதியாயிற்று. பட்டியலில் பெண் நுழைந்தாள். ஆனால், தன் பெயரின் வலிமையால் அன்று. இதன் நிழல் 1951இலும் விழுந்ததைப் பின்னர்க் காண்போம்.

வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வேண்டும் என்னும் குரல் இக்காலத்தில் எழாமல் இல்லை. இலண்டனில் 1930இல் தொடங்கிய வட்டமேசை மாநாட்டில் தாழ்த்தப்பட்டோர் சார்பில் அம்பேத்கரும், செங்கற்பட்டுப் பகுதியிற் பிறந்த இரட்டைமலை சீனிவாசனும் கலந்துகொண்டனர். வாக்குரிமை பற்றிய துணைக்குழுவில் இருவரும் உடனடியாக வயதுவந்தோர் வாக்குரிமை தேவை என்னும் பக்கமே நின்றனர். சொத்தும் கல்வியும் மறுக்கப்பட்ட மக்களிடம் அவற்றையே தகுதியாகக் கேட்பது, கதவைப் பூட்டிவிட்டு உள்ளே வரச் சொல்வதற்கு ஒப்பாகும். அவர்கள் கோரிக்கை அப்போது ஏற்கப்படவில்லை.

ஒரே பட்டியல்

அரசியலமைப்பை உருவாக்கிய அரசமைப்பு அவையின் உறுப்பினர்களை மாகாணச் சட்டமன்றங்கள் 1946இல் தேர்ந்தெடுத்தன. அச்சட்டமன்றங்களோ, சொத்தும் கல்வியும் உடைய சிலரால் தேர்ந்தெடுக்கப்பட்டவை. சிலரது வாக்கால் வந்த அவை, அனைவருக்கும் வாக்கு என்று எழுதியது. வரலாற்றில் அரிதாக நிகழும் செயல் இது. சென்னையைச் சேர்ந்த சட்டமேதை அல்லாடி கிருஷ்ணசாமி, 1949 நவம்பரில் நிகழ்த்திய உரையில், மக்களில் பெரும்பாலோர் எழுத்தறிவு இல்லாதிருந்தும் எளிய மனிதன்மீது கொண்ட நம்பிக்கையாலேயே அவை இம்முடிவை மேற்கொண்டது என்னும் கருத்தை வெளியிட்டார். அன்று நாட்டில் எழுத்தறிந்தோர் ஐவருள் ஒருவர்கூட இலர்.

இவ்விடத்தில் மூன்று உறுப்புகளை மாணவர்கள் சற்று நின்று படித்தல் வேண்டும்.

உறுப்பு 326, மக்களவைக்கும் மாநிலச் சட்டமன்றங்களுக்கும் நடைபெறும் தேர்தல்கள் வயதுவந்தோர் வாக்குரிமையின் அடிப்படையில் அமையும் என்கிறது. அன்று வயது 21. 61ஆம் திருத்தத்தின்வழி 1989 முதல் 18. ஒருவரை விலக்குவதற்குரிய காரணங்களையும் அவ்வுறுப்பே வரையறுக்கிறது. தொகுதியில் வசிக்காமை, மனநலக் குறைபாடு, குற்றம், தேர்தல் முறைகேடு ஆகியவையே அவை. வறுமை அவற்றுள் இல்லை, எழுத்தறியாமையும் இல்லை.

உறுப்பு 325 அளவிற் சிறியது. மேற்போக்காகப் படிப்போர் அதனைக் கடந்து சென்றுவிடுவர். ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரே பொது வாக்காளர் பட்டியல்தான் இருக்கும். சமயம், இனம், சாதி, பால் ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் காட்டி எவரையும் அதிலிருந்து விலக்க இயலாது. தனிப்பட்டியல் ஒன்றில் சேர்க்குமாறு எவரும் கோரவும் இயலாது என்பது அதன் பொருள். இவ்வளவு வெளிப்படையான ஒன்றை ஏன் எழுத வேண்டும் எனத் தோன்றலாம். 1909 முதல் 1947 வரை இந்நாட்டில் சமயவாரியாகத் தனித்தனிப் பட்டியல்கள் இருந்தன. ஒரே தெருவில் வாழ்ந்த இருவர் வெவ்வேறு பட்டியல்களில் நின்று, வெவ்வேறு வேட்பாளர்களுக்கு வாக்களித்தனர். பல சமயத்தார் ஒரே தொழிலைச் சார்ந்து வாழும் ஆம்பூரையும் வாணியம்பாடியையும் நினைத்துப் பார்த்தால் இவ்வுறுப்பின் ஆழம் விளங்கும். தொழிற்சாலை உரிமையாளரும் தோலைச் சுரண்டுபவரும் இன்று ஒரே பட்டியலில் வீட்டு எண் வரிசையில் நிற்பது இவ்வுறுப்பினால்தான்.

உறுப்பு 324 தேர்தல் ஆணையத்தைத் தோற்றுவிக்கிறது. பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பை ஆட்சியிலிருக்கும் கட்சியிடமோ மாநில அரசிடமோ விடாது, தன்னுரிமை பெற்ற ஓர் அமைப்பிடம் ஒப்படைக்கிறது. அரசியலமைப்பின் பெரும்பகுதி 1950 சனவரி 26இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால், இவ்வுறுப்பு அதற்கு இரண்டு திங்கள் முன்னரே, அரசியலமைப்பு ஏற்கப்பட்ட 1949 நவம்பர் 26ஆம் நாளிலேயே உயிர்பெற்றது. குடியரசு பிறக்கும் முன்னரே அதன் தேர்தலுக்குப் பொறுப்பான உறுப்பு பிறந்துவிட்டது.

தெரிந்து தெளிவோம்

அரக்கோணம் சட்டமன்றத் தொகுதி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஆனால், அதனை உள்ளடக்கிய அரக்கோணம் மக்களவைத் தொகுதி பொதுத்தொகுதி. ஒதுக்கீடு போட்டியிடுவோருக்கு மட்டுமே; வாக்களிப்போர் தொகுதியிலுள்ள அனைவரும் ஆவர். 1932ஆம் ஆண்டுப் பூனா ஒப்பந்தத்தில் காந்தியடிகளுக்கும் அம்பேத்கருக்கும் இடையே ஏற்பட்ட இணக்கத்தின் தொடர்ச்சி இது.

வீடு வீடாகச் சென்ற எழுத்தர்கள்

வரிப்பதிவேட்டைப் பார்த்து எழுதிய பழைய பட்டியல் இனிப் பயன்படாது. நிலமற்றவர், வீடற்றவர், எழுத்தறியாதவர் ஆகியோரின் பெயர்களை எந்தப் பதிவேட்டிலிருந்து எடுப்பது? அவர்கள் வாசலுக்குச் சென்று கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. அரசியலமைப்பு முழுமை பெறுவதற்கு முன்னரே, 1948இல் இப்பணி தொடங்கிவிட்டது. ஊர்தோறும் எழுத்தர்கள் சென்றனர். எழுத்தறிவில்லாத வீட்டில் பெயரைக் கேட்டு எழுதினர். இதற்கு முன்னர் அரசு அவ்வாசலுக்கு வந்ததெல்லாம் வரி கேட்கவும் வழக்குக்காகவும்தான். இம்முறை அது ஒரு பெயரைக் கேட்டு வந்தது. 17 கோடியே 30 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முதற்பொதுத்தேர்தலுக்கான பட்டியலில் இடம்பெற்றனர்.

இடர் இல்லாமல் இல்லை. வட இந்தியப் பகுதிகள் சிலவற்றில் பெண்கள் பலர் அயலாரிடம் தம் பெயரைக் கூற மறுத்தனர். இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். நம் பக்கத்தில் கணவர் பெயரை மனைவி வாய்விட்டுச் சொல்லாத வழக்கம் இருந்தது. அங்கோ தம் பெயரையே சொல்லாத வழக்கம். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென், பெயரில்லாமல் எவரையும் பட்டியலில் வைத்திருக்க இயலாது என்பதில் உறுதியாக நின்றார். பெயரைக் கூறுவதற்குக் கூடுதல் காலம் அளிக்கப்பட்ட பின்னரும், ஏறத்தாழ 8 கோடிப் பெண் வாக்காளருள் 28 இலட்சம் பேர் நீக்கப்பட நேர்ந்தது. அம்முடிவு கடுமையானதாகத் தோன்றலாம். ஆயினும், கணவரின் வரியால் வாக்குப் பெற்ற காலம் முடிந்தது என்பதை அதைவிடத் தெளிவாக அறிவித்திருக்க இயலாது. அடுத்த தேர்தலுக்குள் அக்குறை பெரிதும் நீங்கியது.

தேர்தல் 1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரி வரை நடைபெற்றது. எழுத்தறியாதோரும் தாமே வாக்களிக்கும்பொருட்டு, வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி வைக்கப்பட்டு, அதன்மீது சின்னம் ஒட்டப்பட்டது. வாக்குச்சீட்டில் எதுவும் எழுத வேண்டுவதில்லை. விரும்பிய பெட்டியில் இட்டால் போதும். 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னை மாகாணத்தில் பெட்டிகளுக்கு வண்ணங்கள் பயன்பட்டன. காங்கிரசுக்கு வாய்த்த மஞ்சள் பெட்டி அன்றைய பரப்புரைகளில் பெரிதும் பேசப்பட்டது.

இங்குத் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றையும் குறிப்பிடுதல் வேண்டும். முதற்பொதுத்தேர்தலில் நாமக்கல் தொகுதிக்கு அளித்த வேட்புமனு தள்ளுபடி செய்யப்பட்டதை எதிர்த்து என்.பி. பொன்னுசாமி தொடர்ந்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1952 சனவரியில் தீர்ப்பளித்தது. தேர்தல் நடைபெற்றுக்கொண்டிருக்கும்போது நீதிமன்றங்கள் குறுக்கிடலாகாது. குறைகளைத் தேர்தல் முடிந்தபின் தேர்தல் மனுவின்வழி எழுப்பலாம் என்பது தீர்ப்பின் சாரம். வாக்களிப்பதும் போட்டியிடுவதும் சட்டத்தால் உண்டாக்கப்பட்ட உரிமைகள் என்றும் நீதிமன்றம் கூறியது. அக்கூற்றைச் சுற்றி எழுந்த விவாதம் சட்ட அறிஞரிடையே இன்றும் தொடர்கிறது.

அமெரிக்கா சென்ற வழி

இந்திய அரசியலமைப்பைப் போலவே, 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பின் முகப்புரையும் 'மக்களாகிய நாம்' என்றே தொடங்குகிறது. ஆனால், அம்மக்களுள் யார் வாக்களிக்கலாம் என்பதை அது கூறவில்லை. அதனை மாநிலங்களிடம் விட்டுவிட்டது. மாநிலங்களோ பெரும்பாலும் சொத்துடைய வெள்ளை ஆடவர்க்கே அவ்வுரிமையை வழங்கின. உள்நாட்டுப் போருக்குப் பின்னர், 1870இல் வந்த 15ஆம் திருத்தம், இனம், நிறம், முன்னைய அடிமைநிலை ஆகியவற்றால் வாக்குரிமை மறுக்கப்படலாகாது என்றது. தென்மாநிலங்கள் அத்திருத்தத்தை வெளிப்படையாக மீறவில்லை, சுற்றிச் சென்றன. வாக்களிக்க வரி கட்ட வேண்டும் என்றன. எழுத்தறிவுத் தேர்வு என்று ஒன்றை வைத்தன. கறுப்பினத்தவருக்கு அத்தேர்வில் விடை கூற இயலாத வினாக்கள் கேட்கப்பட்டன.

அங்கும் போராட்டத்தின் களம் பட்டியலே. அமெரிக்காவில் பெயரைப் பதிவு செய்துகொள்வது பெரும்பாலும் வாக்காளரின் பொறுப்பு. அவர்தான் பதிவு அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும். அலபாமா மாநிலத்தின் செல்மா நகரில் கறுப்பின மக்கள் அலுவலகப் படியேறித் திரும்பத் திரும்ப மறுக்கப்பட்டனர். 1965 மார்ச் 7ஆம் நாள் அவர்கள் அமைதியாகப் புறப்பட்ட நடைப்பயணம் பாலம் ஒன்றில் தடியடியால் தகர்க்கப்பட்டது. அக்காட்சி நாட்டை உலுக்கியது. அவ்வாண்டு ஆகத்து 6இல் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது. 'மக்களாகிய நாம்' என்று எழுதியதற்கும் அதற்கும் இடையே 178 ஆண்டுகள். இந்தியா அவ்வழியைப் படிப்படியாகக் கடக்கவில்லை. ஒரே அடியில் தாண்டியது. இதனால் இந்தியச் சமூகம் அமெரிக்கச் சமூகத்தைவிடச் சமத்துவம் மிக்கது என்று கொள்ளுதல் பொருந்தாது. வாக்குச்சாவடியில் சமமாக நின்றவர் ஊர்க்கிணற்றில் சமமாக நிற்க முடியாத காலம் அது. தாளில் எழுதிய சமத்துவம் முன்னே சென்றது; வாழ்க்கை பின்னே வந்தது; இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

உறங்கும் இடமே முகவரி

1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, பழைய சொத்துத் தகுதியைத் தலைகீழாக்குகிறது. ஒரு தொகுதியில் வீடு ஒன்றை உடைமையாகக் கொண்டிருப்பது மட்டுமே ஒருவரை அத்தொகுதியின் வாக்காளராக்காது என்று அது கூறுகிறது. அவர் அங்கு வழக்கமாக வசித்தல் வேண்டும். வீடு சொந்தமா, வாடகையா என்பது கேள்வியே அன்று. வீடே இல்லாதவராயின்? நடைபாதையிலோ நிலையத்தின் அருகிலோ உறங்குபவர் என்றால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் அவ்விடத்துக்குச் சென்று, அவர் அங்கு உறங்குவதை ஒருமுறைக்கு மேல் பார்த்து உறுதி செய்யலாம் என்பது ஆணையத்தின் நடைமுறை. முகவரிச் சான்று கேட்கப்படுவதில்லை. சொந்த மனையில் வீடு கேட்ட உத்திரமேரூரிலிருந்து இது மிக நெடிய தொலைவு.

அரக்கோணம் போன்ற சந்திப்பூரில் இப்பிரிவு அன்றாடம் பயன்படுகிறது. தொடர்வண்டிப் பணியாளர் மாறுதலாகி வருகின்றனர். இராஜாளி கடற்படை வானூர்தித் தளத்தின் வீரர்கள் நாட்டின் பல மூலைகளிலிருந்து வந்தவர்கள். அவர்கள் பணி வாக்காளராகத் தம் சொந்த ஊரில் பதிந்து, அஞ்சல்வழி வாக்களிக்கலாம். இராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் வெளிமாநிலத் தொழிலாளர்க்கு அத்தகைய வாய்ப்பு இல்லை. இங்குப் பதிய வேண்டும், அல்லது ஊருக்குத் திரும்ப வேண்டும். ஒருவர் இரு தொகுதிகளில் பதிய இயலாது. மூன்று நாள் பயணச்செலவும் இழந்த கூலியும் சேர்ந்து, அவருடைய வாக்கு பட்டியலில் மட்டுமே தங்கிவிடுவதுண்டு.

உள்ளூர்த் தொழிலாளர்க்கு வேறொரு பாதுகாப்பு உண்டு. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135ஆ பிரிவின்படி, வாக்குப்பதிவு நாளன்று தொழிலாளர்க்கு ஊதியத்துடன் விடுமுறை அளித்தல் வேண்டும்; நாட்கூலி பெறுவோர்க்கும் இது பொருந்தும். ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பல்லாயிரம் பெண்கள் கூலியை இழக்காமல் வாக்களிக்க இயலுவது இதனால்தான். மீறும் உரிமையாளருக்குச் சட்டம் விதிக்கும் தண்டம் 500 ரூபாய் வரை. இத்தொகை எவரை அச்சுறுத்தும் என்பதை மாணவர்களே எண்ணிப்பார்க்கலாம்.

பட்டியலில் பெயர் இருந்தும் வாக்களிக்க இயலாமற்போன நாளும் இவ்வட்டாரத்தில் உண்டு. 2019 ஏப்ரல் 18இல் தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல் நடைபெறவிருந்தது. வாக்காளர்க்கு வழங்கவென வைத்திருந்ததாகக் கருதப்பட்ட பெருந்தொகை கைப்பற்றப்பட்டதையடுத்து, ஆணையத்தின் பரிந்துரையின்பேரில், வேலூர்த் தொகுதியின் தேர்தல் அறிவிப்பைக் குடியரசுத்தலைவர் ஏப்ரல் 16இல் நீக்கினார். பணத்தின் பொருட்டு மக்களவைத் தேர்தல் ஒன்று இவ்வாறு நீக்கப்பட்டது அதுவே முதன்முறை. அரக்கோணம் தொகுதி குறித்த நாளில் வாக்களித்தது. எல்லைக்கு அப்பால் வேலூர் வாக்களிக்கவில்லை. ஆம்பூரிலும் குடியாத்தத்திலும் அன்றே சட்டமன்ற இடைத்தேர்தல் மட்டும் நடைபெற்றது. புதிய அரசு டெல்லியில் பொறுப்பேற்ற பின்னரே, ஆகத்து 5இல் வேலூர் வாக்களித்தது. வரி செலுத்தியவருக்கே வாக்கு என்றிருந்த காலம் ஒன்று. வாக்குக்குப் பணம் என்று வந்து நிற்கும் காலம் மற்றொன்று. இரண்டிலும் பணமே நடுவில் நிற்கிறது. பணம் வாங்கிய சிலர் பொருட்டு, வாங்காத பல இலட்சம் பேரும் காத்திருக்க நேர்ந்தது முறையா என்னும் வினாவும் அன்று எழுந்தது. அது எளிதில் தள்ளத்தக்க வினா அன்று.

பதினேழு வயதில்

2022 வரை, சனவரி முதல் நாளன்று 18 வயது நிறைந்தவரே அவ்வாண்டுப் பட்டியலில் இடம்பெற இயலும். சனவரி 2ஆம் நாள் பிறந்தவர் ஏறத்தாழ ஓராண்டு காத்திருந்தார். சட்டத்திருத்தத்தின்பின், சனவரி 1, ஏப்ரல் 1, சூலை 1, அக்டோபர் 1 என நான்கு தகுதி நாள்கள் வந்துள்ளன. 17 வயது நிறைந்தவர் படிவம் 6இனை நிரப்பி முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். 18 நிறைந்தபின் வரும் தகுதி நாளையொட்டி அவர் பெயர் சேர்க்கப்படும். 2009 ஆகத்து 20இல் பிறந்த மாணவி ஒருவர், 2026 ஆகத்து 20 முதல் விண்ணப்பிக்கலாம். அவருக்கு 18 நிறையும் 2027 ஆகத்துக்குப்பின் வரும் தகுதி நாள் அக்டோபர் 1. விண்ணப்பத்தில் அவர் தம் பெயரையும் வசிக்கும் இடத்தையும் வயதையும் எழுத வேண்டும். என்ன படிக்கிறார், தந்தைக்கு நிலம் உண்டா என்னும் கட்டங்கள் அப்படிவத்தில் இல்லை.

கற்பவை கற்றபின்

உங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலரைச் சந்தித்து, பெயர் சேர்த்தலிலும் நீக்கலிலும் அவர் எதிர்கொள்ளும் இடர்களைக் கேட்டறிந்து ஒருபக்க அளவில் எழுதுக.

உத்திரமேரூர்க் கல்வெட்டு கூறும் தகுதிகளையும் உறுப்பு 326 கூறும் தகுதிகளையும் ஒப்பிட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.

'பெயரைக் கூறாத பெண்களைப் பட்டியலிலிருந்து நீக்கியது சரியே' – இக்கருத்தை ஏற்றும் மறுத்தும் சொற்போர் நிகழ்த்துக.